மஞ்சத்தண்ணிக்கு எதுக்கு ஜோடி மாலை?

"ரெண்டு மாலை. ஒரே மாதிரி, ரோஜாவும் சம்பங்கியும். ஒண்ணு சின்னதா. இன்னொண்ணு ஆம்பள போடறது, முட்டி வரிக்கும் தொங்கணும். அப்பால தேங்காய்க்குச் சுத்த கொஞ்சம் கதம்பம்."

பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் லோகநாயகியின் பூக்கடையில் நின்றுகொண்டு ஹேமநாதன் பாடம் ஒப்பிப்பது போல ஒப்பித்தான். சாலை ஓரத்தில் அவன் ஓட்டி வந்த தண்ணீர் லாரி ஒழுகிக்கொண்டு நின்றது.

"கல்யாணமா நைனா?" என்றாள் லோகநாயகி.

"இல்லக்கா. மஞ்சத்தண்ணி."

லோகநாயகி சிரித்துவிட்டாள். "மஞ்சத்தண்ணிக்கு எதுக்கு ஜோடி மாலை? தேங்காய்க்குப் பூ சுத்துனா அதுமேல தாலிதான் வைப்பாங்க. உங்க ஊட்ல இன்னா, தேங்காயா வயசுக்கு வந்துச்சி?"

"எனுக்கு இன்னாக்கா தெரியும்? நான் வண்டில சேர்ந்தே ஒரு வாரம்தான் ஆவுது. ஓனரு சொன்னாரு. அயனம்பாக்கத்துல வாங்காத, நாலு பேரு நாலு கேள்வி கேப்பான், பூந்தமல்லில போய் வாங்கினு வந்துருன்னாரு. தோ, மண்டபம் இதான்."

செல்போனை நீட்டினான். திரையில் மண்டப வாசலில் கட்டிய ஃபிளெக்ஸ் பேனர். 'செல்வி சுதாவின் மஞ்சள் நீராட்டு விழா.' பட்டுப்பாவாடையில் ஒரு சிறுமி. பக்கத்தில் கறுப்புக் கண்ணாடியும் கூப்பிய கையுமாக, 'தாய்மாமன் கன்னியப்பன்.'

கடையின் உள்பக்கம் உட்கார்ந்து வாழைநார் கிழித்துக்கொண்டிருந்த கலைவாணி எட்டிப் பார்த்தாள். கையிலிருந்த பிளேடு நாரைத் தாண்டி விரலில் இறங்கியது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

சுதா அவளுடைய தங்கை. ஒன்பதாம் வகுப்பு. வயது பதினான்கு.

கன்னியப்பன் அவளுடைய புருஷன்.

கலைவாணிக்கு இப்போது வயது பதினெட்டு. பதினைந்தில் அவளுக்கும் இதே மாதிரி ஒரு பேனர் கட்டினார்கள். அன்றைக்கும் வந்தவர்களிடம் மஞ்சள் நீராட்டு என்றுதான் சொன்னார்கள். மேடையில் உட்கார வைத்தபின் அம்மாவின் கூடப்பிறந்த தம்பியே தாலி கட்டினான். பதினாறில் பிரசவம். பெண் குழந்தை. அதோடு கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். ஆண் வாரிசு தராத குற்றத்துக்காக அவன் அறைந்த அறையில் இடது காது அடைத்துப்போன அன்று, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவள் இந்தக் கடையில் வந்து சேர்ந்தாள். போலீசுக்குப் போகவில்லை. "போய்ப் பாரு, அடுத்த நாளு சுதா என் ஊட்ல இருப்பா" என்று அவன் சொல்லியிருந்தான்.

சுதா போன வருஷமே பெரியவளாகிவிட்டாள். அது அக்கா தங்கை இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். பள்ளிக்கூட வாசலில் சாப்பாட்டுப் பையோடு நாப்கின் பாக்கெட்டையும் கொடுத்து, "அம்மாகிட்ட மூச்சு விடாத" என்று கலைவாணி சொல்லி வைத்திருந்தாள். சேதி வெளியே போனால் தாய்மாமன் சீர் வரும். சீரோடு அவனும் வருவான்.

சேதி எப்படியோ போய்விட்டது.

"இன்னா, கட்டிக் குடுப்பீங்களா மாட்டீங்களா?" என்றான் ஹேமநாதன்.

"குடுக்கறோம் அண்ணே" என்றாள் கலைவாணி. துப்பட்டாவை மூக்குவரை இழுத்துக் கட்டிக்கொண்டாள். "நீ போய் டீ சாப்ட்டு வா. தேங்காய்க்கு இங்கேயே சுத்துனா வாடிடும். நானே கூட வந்து சுத்தித் தரேன்."

அவன் தலை மறைந்ததும் மெஹக்குக்குப் போன் போட்டாள்.

மெஹக் நர்சிங் படித்தவள். உஸ்மான் கனியின் தையல் கடைக்கு மேலே இருக்கும் அறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு நடத்துகிறாள். கைக்குழந்தையோடு வரும் பெண்களுக்கு விட்டுப்போன பத்தாம் வகுப்புப் பாடம். அதோடு, எந்தப் பள்ளிக்கூடமும் உரக்கச் சொல்லாத உடம்புப் பாடம். கலைவாணி இந்த வருஷம் தனித்தேர்வு எழுதப் போகிறாள்.

"மெஹக்கா, சுதாவுக்கு இன்னிக்கிக் கல்யாணம். கொஞ்ச நேரத்துல."

மெஹக் ஒரு வார்த்தைகூட வீணாக்கவில்லை. "மண்டபம் எங்கன்னு அனுப்பு. குழந்தைங்க ஹெல்ப்லைன் பத்துத் தொண்ணூத்தெட்டுக்கு நான் சொல்றேன். போலீசோட வர்றேன். நீ அங்க போவாத கலை. அவன் உன்னைக் கொன்னுடுவான்."

"நீங்க வர்றதுக்குள்ள கட்டிட்டான்னா?"

பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்தாள். லோகநாயகி பக்கம் திரும்பினாள்.

"யக்கா, ஆம்பள மாலைக்கு நார் வேணாம். அந்த நைலான் கயித்தை எடு."

"இன்னாத்துக்குடி நைலானு? மாட்டையா கட்டப் போற?"

லோகநாயகி அவள் முகத்தைப் பார்த்தாள். அதற்குமேல் கேட்காமல் கயிற்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, தொட்டிலில் தூங்கிய பாப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நாரில் கட்டிய மாலை இழுத்தால் அறுந்துவிடும். நைலான் அறாது. மாலையின் இரண்டு பக்கமும் சேருகிற இடத்தில், குஞ்சத்துக்குள்ளே, கலைவாணி ஒரு சுருக்கு முடிச்சுப் போட்டாள். மேலே சம்பங்கியை அடர்த்தியாக வைத்து மூடினாள்.

பார்க்க மிக அழகான மாலை.

*

மண்டபம் அயனம்பாக்கம் ஏரிக்கரையில் இருந்தது. கலைவாணி மாலைக்கூடையைத் தலையில் வைத்துச் சமையல்கட்டு வழியாக உள்ளே போனாள். யாரும் முகம் பார்க்கவில்லை. கூட்டம் அதிகமில்லை. பாதி நாற்காலிகளில் கன்னியப்பனின் லாரி ஆட்கள். உறவுக்காரர்கள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு கேசரி சாப்பிட்டார்கள். ஆம்பள மாலையை மேடையில் வைத்தாள். தேங்காயில் கதம்பம் சுற்றினாள். மஞ்சள் கயிற்றில் கோத்த தாலியை யாரோ கொண்டுவந்து அதன்மேல் வைத்தார்கள். சின்ன மாலையைத் தூக்கிக்கொண்டு மணமகள் அறைக் கதவைத் தள்ளினாள்.

சுதா மூலையில் உட்கார்ந்திருந்தாள். முழங்கைவரை கண்ணாடி வளையல். கன்னத்தில் நாலு விரல் தடம். உதடு கிழிந்து வீங்கியிருந்தது. கிழிசல்மேல் லிப்ஸ்டிக் போட்டிருந்தார்கள். பக்கத்தில் காவலுக்கு அம்மா வசந்தா.

"அக்கா!"

"சத்தம் போடாதீங்கடி!" வசந்தா பாய்ந்து கதவைச் சாத்தினாள். "நீ எப்டிடி வந்த?"

"ஊட்டு விசேசம். பெத்த பொண்ணைக் கூப்டல. அதான் நானே பூ எடுத்தாந்தேன்."

"போயிடு. அவன் கண்ணுல பட்டா வெட்டிருவான்."

"யாரை? என்னையா, உன்னையா, இவளையா?"

வசந்தாவின் கண் கலங்கியது. ஆனால் குரல் இறங்கவில்லை. "நான் இன்னாடி பண்ணட்டும்? உங்கப்பன் போனப்புறம் சோறு போட்டவன் அவன். அவனுக்கு ஒரு ஆம்பளப் புள்ள வோணும். உனுக்குத்தான் டாக்டருங்க கர்ப்பப்பையைப் புடுங்கிட்டாங்களே! வேற எவளோ வந்தா உன் பொண்ணு கதி இன்னா ஆவுறது? தங்கச்சின்னா பார்த்துக்குவா."

"டாக்டருங்க புடுங்கினாங்களா?"

கலைவாணி சுதாவின் கையைப் பிடித்தாள். மெலிந்த மணிக்கட்டிலிருந்து ஒரு பச்சை வளையல் வழுக்கிக்கொண்டு வந்தது. அதோடு அம்மாவின் வலது கையைப் பற்றினாள்.

"இன்னாடி பண்ற?"

"போட்டுக்கோ."

"ஏய், அது சின்னப் பொண்ணு வளையல்டி. என் கைக்கு எப்டி ஏறும்?"

"ஏறணும். நான் சொல்றேன்ல, ஏறணும்!" விரல்களைக் குவித்துப் பிடித்து வளையலை முழுப் பலத்தோடு அழுத்தினாள். கட்டைவிரல் எலும்பில் போய் முட்டியது. வசந்தா அலறப் போனாள். கலைவாணி மறு கையால் அவள் வாயைப் பொத்திவிட்டு இன்னும் அழுத்தினாள். வளையல் படீரென்று உடைந்தது. கண்ணாடி உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு போனது. தரையில் ரத்தம் சொட்டியது.

"இதான்மா எனுக்கு நடந்தது" என்றாள் கலைவாணி. அந்த வளையல் பாடத்தை அவள் மெஹக்கின் வகுப்பில்தான் முதலில் பார்த்தாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய் வாந்தி எடுத்தாள். "பதினாறு வயசுல இடுப்பெலும்பு இன்னும் வளரவே இல்ல. பாப்பா தலை எப்டி வெளிய வரும்? ஒரு பகலு, ஒரு ராத்திரி கத்தினேன். ஆஸ்பத்திரிக்குப் போனா வயசு கேப்பாங்க, போலீசு வரும்னு ரெண்டு பேரும் என்னை ஊட்லயே போட்டு வச்சீங்க. கடைசில போனப்போ வயசு பத்தொம்போதுன்னு சொன்னது யாரு? நீதான? உள்ள எல்லாம் கிழிஞ்சி ரத்தம் நிக்கல. உசுரு வோணும்னா அதை எடுக்கணும்னாங்க. புடுங்கினது டாக்டரு இல்ல. நீயும் உன் தம்பியும்."

வசந்தா கிழிந்த கையைப் பார்த்தபடி நின்றாள்.

கதவு திறந்தது.

கன்னியப்பன் பட்டு வேட்டியில் இருந்தான். இரண்டு விநாடி கலைவாணியைப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"மூத்தவளே வந்துட்டாளா? நல்ல சகுனம்."

அடி எங்கிருந்து வந்தது என்று அவள் பார்க்கவில்லை. பீரோ கண்ணாடியில் தலை மோதியது. விழுந்தவள் வயிற்றில் உதை. ஆபரேஷன் செய்த இடத்தில் குறி வைத்து இன்னொன்று. சுதா பாய்ந்து அவன் புஜத்தைக் கடித்தாள். அவளைத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி வாசல் பக்கம் எறிந்தான். கலைவாணி ஊர்ந்துபோய் நிலைப்படியைப் பிடித்தாள். அவன் குனிந்து அந்தக் கையைப் பார்த்தான். கதவை இழுத்து அதன்மேல் சாத்தினான். எலும்பு முறிகிற சத்தம் நாதஸ்வர ரெக்கார்டில் அமுங்கிப்போனது.

"யக்கா, கதவைத் தாப்பா போட்டுட்டு தேங்காயை எடுத்துகினு வா. நேரம் ஆவுது."

சுதாவை இழுத்துக்கொண்டு போனான்.

கலைவாணி குப்புறக் கிடந்தாள். இடது முன்கை இருக்கக்கூடாத கோணத்தில் மடங்கியிருந்தது. நல்ல காதைத் தரையிலிருந்து தூக்கிக் கேட்டாள். அம்மாவின் காலடி நடந்தது. கதவு மூடிக்கொண்டது. இப்போது தாழ்ப்பாள் விழும்.

விழவில்லை.

காலடி தயங்கி, போய்விட்டது.

*

மேடையில் கன்னியப்பன் மாலையோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் சுதா. அவள் தோளை ஒருவன் பின்னாலிருந்து அழுத்திப் பிடித்திருந்தான். தாலி வைத்த தேங்காய்த் தட்டு வரிசையில் கை மாறிக்கொண்டிருந்தது. தொட்டுக் கும்பிட்டவர்களில் ஒருவரும் சுதாவின் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டு மேடைக்கு வந்தது.

"போடுறா கெட்டிமேளத்தை!"

கலைவாணி நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வந்தாள். நெற்றியிலிருந்து வழிந்த ரத்தம் ஒரு கண்ணை மூடியிருந்தது. ஒடிந்த கையை மார்போடு அணைத்திருந்தாள். யாரோ "ஐயோ" என்றார்கள். லாரி ஆள் ஒருவன் எழுந்தான். அதற்குள் அவள் மேடை விளிம்புக்கு வந்துவிட்டாள். கன்னியப்பனின் முழங்காலுக்குக் கீழே ரோஜாக் குஞ்சம் தொங்கியது.

தாலியை எடுக்க அவன் கை நீட்டினான்.

கலைவாணி குஞ்சத்தை வலது கையில் ஒரு சுற்றுச் சுற்றி, உடம்பின் மொத்த பாரத்தையும் அதில் போட்டுக் கீழே சரிந்தாள்.

பூக்கள் சரசரவென்று மேலே ஓடின. சுருக்கு இறுகியது. சம்பங்கி உதிர்ந்த இடத்தில் நீல நைலான் கயிறு தெரிந்தது. கன்னியப்பனின் கண்கள் பிதுங்கின. கழுத்தோடு இழுபட்டு மேடையிலிருந்து தலைகுப்புற வந்து விழுந்தான். சிமென்ட் தரையில் அவன் முன்பற்கள் சிதறின.

கலைவாணி விடவில்லை. பாதத்தை அவன் தோளில் ஊன்றி இழுத்தாள். அவன் முகம் கறுத்தது. காலை உதறியதில் நாற்காலிகள் பறந்தன. லாரி ஆட்கள் அவளைப் பிய்த்தெடுக்க வந்தார்கள். ஒருவன் அவளுடைய ஒடிந்த கையைப் பிடித்துத் திருகினான். கயிறு நழுவியது.

கன்னியப்பன் இருமிக்கொண்டே எழுந்தான். வாயெல்லாம் ரத்தம். பேச வரவில்லை. மேடையோரம் இருந்த வெண்கலக் குத்துவிளக்கைப் பிடுங்கினான். எரிகிற திரியும் எண்ணெயுமாக அதைத் தலைக்குமேல் ஓங்கினான். கீழே கலைவாணி. அவள் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

பின்னால் பார்க்கவில்லை.

தோளை அழுத்தியவனின் பிடி தளர்ந்திருந்தது. சுதா தட்டிலிருந்த தேங்காயைத் தூக்கினாள். கதம்பமும் தாலியும் சிதற மேடையிலிருந்து குதித்து, இரண்டு கையாலும் ஓங்கி, திரும்பிய அவன் நெற்றியில் இறக்கினாள்.

தேங்காய் உடையவில்லை. நெற்றி உடைந்தது.

விளக்கு கைதவறி அவன் காலிலேயே விழுந்தது. பட்டு வேட்டியின் கரையில் தீப் பிடித்தது. ஆட்கள் அவனை விட்டு விலகினார்கள். அவன் தரையில் புரண்டு அணைத்துக்கொண்டான். அதே நேரம் வாசலில் ஜீப் சத்தம்.

"யக்கா!" உடைந்த பல்லுக்குள்ளிருந்து கன்னியப்பன் சீறினான். "தாலியை எடுத்து மறை!"

வசந்தா குனிந்தாள்.

*

பெண் சப்-இன்ஸ்பெக்டர், குழந்தைகள் நல அலுவலர், நாலு போலீஸ்காரர்கள், மெஹக். மெஹக் நேரே கலைவாணியிடம் ஓடி வந்து, கிழிந்த துப்பட்டாவில் தூளி கட்டி ஒடிந்த கையைத் தூக்கி வைத்தாள்.

சப்-இன்ஸ்பெக்டர் சுற்றிலும் பார்த்தார். "இன்னா நடக்குது இங்க?"

கன்னியப்பன் சட்டென்று இன்னொரு ஆளாக மாறினான். கையைக் கூப்பினான். "ஊட்டு மஞ்சத்தண்ணிங்க மேடம். வாசல்ல பேனர் பாருங்க. இவ என் சம்சாரம். கொஞ்ச நாளா புத்தி சரியில்ல. உள்ள பூந்து ரகளை பண்ணிட்டா."

"ஆமாங்க மேடம்" என்றார்கள் லாரி ஆட்கள். கேசரி சாப்பிட்டவர்களும் தலையாட்டினார்கள்.

"மஞ்சத்தண்ணிக்கு எதுக்குயா ஜோடி மாலை?"

"தாய்மாமன் மரியாதைங்க."

"தாலி?"

"எந்தத் தாலிங்க?"

போலீஸ்காரர்கள் தேடினார்கள். தட்டு, நாற்காலிக்கு அடி, மணமகள் அறை. எங்கும் இல்லை.

"இது கல்யாணம்தான் மேடம்! கட்டப் போனான்" என்று சுதா கத்தினாள்.

"சின்னப் பொண்ணு, பயந்துட்டா" என்றான் கன்னியப்பன். "அவங்க அம்மாவையே கேளுங்க."

மெஹக் பல்லைக் கடித்துக்கொண்டு கலைவாணியின் காதில் சொன்னாள்: "தாலி கிடைக்கலன்னா, அம்மாவும் மஞ்சத்தண்ணின்னு சொல்லிட்டா, இன்னிக்கி நாம ஜெயிச்சோம்னு இருக்கும். ஆனா இவளை அம்மாவோடதான் அனுப்புவாங்க. நாளைக்கு ஏதாச்சும் ஒரு கோயில்ல வச்சி முடிச்சிருவான்."

எல்லோரும் வசந்தாவைப் பார்த்தார்கள். அவள் தூணோரம் நின்றாள். கை முந்தானைக்குள் இருந்தது. கன்னியப்பன் அவளை ஒரு முறை பார்த்தான். பார்வை போதும் என்பது அவனுக்குப் பழக்கம்.

"சொல்லும்மா" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "என்ன விசேஷம் இது?"

முந்தானை ஓரத்திலிருந்து தரையில் ரத்தம் சொட்டியது. சப்-இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்தார்.

"கையில இன்னா ஆச்சி?"

"வளையல்" என்றாள் வசந்தா. "சின்னப் பொண்ணு வளையலுங்க. ஏறல. உடைஞ்சிடுச்சி."

முந்தானையை விலக்கினாள். இறுக மூடிய கை. விரலிடுக்கெல்லாம் ரத்தம். மெல்ல, ஒவ்வொரு விரலாகத் திறந்தாள். கிழிந்த உள்ளங்கையில் மஞ்சள் கயிறு சிவப்பாக ஊறியிருந்தது. நடுவில் தாலி.

"யக்கா!" கன்னியப்பன் பாய்ந்தான். இரண்டு போலீஸ்காரர்கள் அவனைத் தரையோடு அழுத்தினார்கள். கழுத்தில் இன்னும் நீலக் கயிறு தொங்கியது.

"பெரியவளுக்கும் இவன்தாங்க கட்டினான்" என்றாள் வசந்தா. குரல் கரகரத்தது. "அப்போ அவளுக்குப் பதினஞ்சு. ஆஸ்பத்திரில பத்தொம்போதுன்னு சொன்னது நானு. எல்லாத்துக்கும் கூட நின்னேன். என்னையும் இட்டுகினு போங்க."

கலைவாணி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டே போகவில்லை. திட்டவும் இல்லை.

"மெஹக்கா" என்றாள். "அதுக்கும் கையில ஒரு கட்டுப் போடுங்க. கண்ணாடி உள்ள இருக்கப் போவுது."

சுதா மெஹக்கோடு இருக்கலாம், மற்றதை நாளைக்குக் குழந்தைகள் நலக் குழுவில் பேசிக்கொள்ளலாம் என்று அலுவலர் சொன்னார். ஆம்புலன்ஸ் ஏரிக்கரை வளைவில் திரும்பி மண்டப வாசலுக்கு வந்தது. கன்னியப்பனை ஜீப்பில் ஏற்றினார்கள். கலைவாணியை ஆம்புலன்சில் ஏற்றும்போது சுதா கேட்டாள்.

"அக்கா, நார் கிழிக்கிற பிளேடு வச்சிகீறியா?"

"இடுப்புல சொருகி வச்சிருக்கேன். எதுக்குடி?"

சுதா எடுத்துக்கொண்டாள். வாசல் பேனரின் கட்டைமேல் ஏறினாள். பட்டுப்பாவாடையில் சிரித்துக்கொண்டிருந்த தன் படத்தை நாலு பக்கமும் அறுத்துக் கீழே இறக்கினாள். பேனரில் பெரிய ஓட்டை. அதன் பக்கத்தில் கறுப்புக் கண்ணாடியும் கூப்பிய கையுமாகத் தாய்மாமன் மட்டும் தனியாக நின்றான்.

"அவனையும் கிழிச்சிடேன்" என்றான் ஹேமநாதன். லாரிச் சாவியைப் போலீசிடம் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றிருந்தான்.

"இருக்கட்டும்" என்றாள் சுதா. "போறவன் வர்றவன் பார்க்கட்டும்."

படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆம்புலன்சில் ஏறி அக்காவின் நல்ல காதுப் பக்கம் உட்கார்ந்தாள்.